ஒற்றை நொதி மூலக்கூறின் காத்திருப்பு நேரங்களைப் பகுப்பாய்வு செய்வது எப்படி: மதுரை வட்டார ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் உயிர்வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ இயற்பியலோ படித்துவிட்டு, ஒற்றை மூலக்கூறு நொதி ஆய்வில் கிடைத்த தரவைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நுண்ணோக்கியில் படம் பிடிப்பதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். பிடித்த படத்திலிருந்து ஒரு வினைவேக மாறிலியை, அதன் பிழை வரம்போடு, நம்பத்தக்க முறையில் எடுப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்லித்தருவோர் குறைவு. நான் இதைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சோதனைக் குழாயில் கோடிக்கணக்கான நொதி மூலக்கூறுகள் ஒன்றாக வேலை செய்வதால், நமக்குக் கிடைப்பது அவற்றின் சராசரி வேகம் மட்டுமே. ஒற்றை மூலக்கூறு ஆய்விலோ, கண்ணாடித் தகட்டில் பதித்த ஒரே ஒரு நொதி, ஒரு வினையை முடித்ததற்கும் அடுத்ததை முடித்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பது ஒளிர்வின் ஏற்ற இறக்கமாகப் பதிவாகிறது. அந்த இடைவெளிகளைக் காத்திருப்பு நேரங்கள் என்போம். அவை ஒன்றுக்கொன்று வேறுபடும். அந்த வேறுபாட்டின் வடிவத்தில்தான் நொதியைப் பற்றிய செய்தி இருக்கிறது. ஆனால் கேமராவால் மிகக் குறுகிய நேரங்களையும் பார்க்க முடியாது, மிக நீண்ட நேரங்களையும் முடிவுவரை பார்க்க முடியாது. உங்கள் கருவியின் இந்தச் சாளரத்தைச் சமன்பாட்டுக்குள் கொண்டுவராமல் எடுக்கும் எந்த எண்ணும், நொதியின் எண்ணாகவும் கேமராவின் எண்ணாகவும் கலந்தே இருக்கும். கீழே உள்ள படிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலிருந்து பிறப்பவை.

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள்

சராசரி வினைவேகம் வேண்டுமா, வினையில் எத்தனை மெதுவான படிகள் உள்ளன என்று தெரிய வேண்டுமா, மூலக்கூறுக்கு மூலக்கூறு வேகம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டுமா? மூன்றுக்கும் தேவையான தரவின் அளவு வெவ்வேறு. ஒற்றை அடுக்குக்குறிப் பரவலுக்கு (குறுகிய நேரங்கள் அதிகமாகவும், நீள நீள ஒரே விகிதத்தில் குறைந்தும் வரும் பரவல்) சராசரி நேரத்தின் ஒப்பீட்டுப் பிழை, நிகழ்வுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் 1-ஐ வகுத்தால் வருவது: 100 நிகழ்வுகளுக்கு 10 விழுக்காடு, 400-க்கு 5, 10,000-க்கு 1. சராசரி மட்டும் வேண்டுமானால் சில நூறு நிகழ்வுகள் போதும். ஒன்றுக்கொன்று மூன்று மடங்குக்குள் இருக்கும் இரண்டு வேகங்களைச் சில நூறு நிகழ்வுகளைக் கொண்டு பிரிக்க முயலாதீர்கள்; மென்பொருள் ஏதோ ஒரு விடையைத் தரும், அடுத்த முறை வேறொன்றைத் தரும்.

2. தரவோடு சேர்த்து வாங்க வேண்டிய ஆவணங்கள்

ஒற்றை மூலக்கூறு நுண்ணோக்கி நம் ஊர் ஆய்வகங்களில் எளிதில் கிடைக்கும் கருவி அன்று. பெரும்பாலும் பெங்களூரு, சென்னை போன்ற இடங்களில் உள்ள நிறுவனங்களுக்குச் சென்று படமெடுத்து வருவீர்கள், அல்லது கூட்டாய்வு செய்யும் குழு எடுத்து அனுப்பும். அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்தக் கருவி எங்கே உள்ளது, வெளியாட்களுக்குத் தருகிறார்களா என்று தேடலாம். முன்பதிவுக்கு நெறியாளரின் கடிதம், துறைத்தலைவரின் கையொப்பம், அடையாள அட்டை, நொதியும் கரைசல்களும் ஆபத்தற்றவை என்னும் உறுதிமொழி ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். நான்கையும் முன்கூட்டியே இரண்டு படிகள் எடுத்து வையுங்கள். துறைத்தலைவர் விடுப்பில் போய்விட்டால் ஒரு கையொப்பத்துக்காக உங்கள் கருவி நேரம் கைநழுவிப்போகும்.

படத்தோடு கட்டாயம் வாங்கிவர வேண்டிய விவரங்களை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு பிரேமின் (காணொளியின் ஒற்றைப் படத்தின்) ஒளிபதிவு நேரம், இரண்டு பிரேம்களின் தொடக்கங்களுக்கு இடையேயான நேரம், மாதிரியின்மீது விழும் லேசரின் திறன், கேமராவின் பெருக்கம், மாதிரி மேடையின் வெப்பநிலை, தாங்கல் கரைசலின் கலவையும் அமிலகாரத் தன்மையும், தளப்பொருளின் (நொதி மாற்றும் பொருளின்) செறிவு, ஆக்சிஜனை நீக்கும் சேர்மங்கள் சேர்க்கப்பட்டனவா என்பது, ஒவ்வொரு காணொளிக்கும் அதை எடுத்த வரிசை எண். இவற்றில் முதல் இரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். 25 மில்லிநொடி ஒளிபதிவு செய்யும் கேமரா, தரவை வாசிக்க மேலும் 5 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் பிரேம்களின் இடைவெளி 30 மில்லிநொடி ஆகிறது. 25 என்று வைத்துக் கணக்கிட்டால் உங்கள் வேகங்கள் எல்லாம் 20 விழுக்காடு கூடுதலாக வரும். கோப்பின் உள்விவரத்தில் உள்ள நேர முத்திரையைப் பார்த்தே இடைவெளியை எழுதுங்கள். கருவிக்குப் பொறுப்பானவர் வாயால் சொல்வதை மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளின் காணொளிகளையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். நொதி இருந்து தளப்பொருள் இல்லாத காணொளி, தளப்பொருள் இருந்து நொதி இல்லாத காணொளி ஆகிய இரண்டும் இல்லையென்றால் பொய் நிகழ்வுகள் எத்தனை என்று பின்னாளில் எவராலும் சொல்ல முடியாது. கூட்டாய்வுக் குழுவின் தரவு என்றால், அதை ஆய்வேட்டில் பயன்படுத்த அனுமதிக்கும் கடிதத்தை முதல் வாரத்திலேயே எழுத்தில் பெறுங்கள். ஆய்வேடு முடியும் காலத்தில் அதைக் கேட்கப்போவது இரு தரப்புக்கும் சங்கடம்.

3. செலவும் கணினியும்

மென்பொருளுக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. படங்களைப் பார்க்க ஃபிஜி, கணக்குக்குப் பைத்தான் அல்லது ஆர் ஆகியவை இலவசம். மேட்லேப் உரிமம் உங்கள் துறையில் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். 8 ஜி.பி. நினைவகம் உள்ள மடிக்கணினி போதும், ஒரு காணொளியை ஒரே நேரத்தில் முழுதும் ஏற்றாமல் பகுதி பகுதியாக வாசிக்கும்படி நிரலை எழுதினால்.

செலவு சேமிப்பில் இருக்கிறது. 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு பிரேம் அரை எம்.பி.; 2,000 பிரேம்கள் ஏறத்தாழ 1 ஜி.பி. ஐந்து செறிவுகள், ஒவ்வொன்றுக்கும் பத்துக் காணொளிகள், மூன்று முறை திரும்பச் செய்தல் என்று போனால் 150 ஜி.பி. ஆகிவிடும். நொடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைய இணைப்பில் அதை இடையறாமல் அனுப்பினாலும் ஏறத்தாழ 17 மணி நேரம் ஆகும். ஆகவே 2 டி.பி. வெளி வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்விட்டுக் கொண்டுவருவதே எளிது. டவுன்ஹால் ரோட்டில் நான்கு கடைகளில் விலை கேட்டு வாங்குங்கள், ரசீதை நிதி கணக்குக்காக வைத்திருங்கள். திரும்பும் வழியில் ஒரே வட்டை நம்பாதீர்கள். கிளம்புமுன் அந்த ஆய்வகத்தின் கணினியிலும் ஒரு படி இருக்கட்டும், ஊர் வந்து இரண்டாம் படி எடுத்த பிறகு அதை நீக்கச் சொல்லலாம். கருவிக் கட்டணம் மணிக்கணக்கா நாள்கணக்கா, அதோடு சரக்கு சேவை வரி சேருமா, உதவியாளருக்குத் தனிக் கட்டணமா என்று விலைப்புள்ளியை எழுத்தில் கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு கவலையும் உண்டு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பகல் முழுக்க நீடிக்கும். நாளிதழ்களில் பகுதிவாரியாக முன்னறிவிப்பு வரும். நாள்கணக்கில் ஓடும் கணக்கைத் தொடங்குமுன் அதைப் பாருங்கள். கூகுளின் இணையவழிக் கணினிச் சேவையான கோலாபில் இலவசமாக ஓட்டினால் அதிகபட்சம் 12 மணி நேரத்தில் இணைப்பு அறுந்துவிடும், அதற்கு முன்பே அறுவதும் உண்டு. எங்கு ஓட்டினாலும் ஒவ்வொரு நூறு சுற்றுக்கும் இடைநிலை முடிவைக் கோப்பில் சேமிக்கும்படி எழுதுங்கள்.

4. உண்மைத் தரவைத் தொடுமுன் செயற்கைத் தரவு

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே அதிகம். தவிர்க்காதீர்கள். 1977-இல் கில்லெஸ்பி வெளியிட்ட முறையில், நொதியும் தளப்பொருளும் இணைவது, பிரிவது, வினை முடிவது என்ற மூன்று வேகங்களை நீங்களே கொடுத்து, சமவாய்ப்பு எண்களைக் கொண்டு ஓர் ஒற்றை நொதியின் வரலாற்றை உருவாக்கலாம். முப்பது வரி நிரல் போதும். அதன்மேல் உங்கள் கேமராவின் பிரேம் இடைவெளியையும் இரைச்சலையும் ஒளிரியின் வெளுப்பையும் (ஒளிரும் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு அணைந்துபோவதையும்) ஏற்றுங்கள். பிறகு அந்தச் செயற்கைத் தரவை உங்கள் பகுப்பாய்வு நிரலுக்குக் கொடுத்து, நீங்கள் வைத்த வேகங்கள் திரும்ப வருகின்றனவா என்று பாருங்கள். வரவில்லையென்றால் கோளாறு நிரலில் இருக்கிறது, நொதியில் இல்லை என்று உறுதியாகத் தெரிகிறது. உண்மைத் தரவில் இந்த உறுதி ஒருபோதும் கிடைக்காது. சமவாய்ப்பு எண்ணாக்கியின் விதை எண்ணை எழுதிவையுங்கள், மறுமுறை ஓட்டும்போது அதே தரவு வர வேண்டும்.

கருவி நேரத்துக்காகக் காத்திருக்கும் வாரங்களை இதற்குச் செலவிடுவதே மிகச் சிறந்த ஏற்பாடு. இதற்குக் காசும் ஆகாது.

5. ஒளிர்வுக் கோட்டிலிருந்து நேரங்களைப் பிரித்தெடுத்தல்

ஒவ்வொரு மூலக்கூறின் ஒளிர்வும் நேரத்துக்கு எதிராக ஒரு கோடாக வரும். சமிக்ஞை இரைச்சலைப் போல் ஐந்து மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்தால் எளிய வாசல் மதிப்பே போதும். ஒரே வாசலை வைக்காமல் இரண்டு வாசல்களை வையுங்கள்: மேல்வாசலைத் தாண்டினால் ஒளிர்நிலை தொடங்குகிறது, கீழ்வாசலுக்குக் கீழே இறங்கினால்தான் முடிகிறது. இப்படிச் செய்தால் வாசலருகே இரைச்சல் ஆடும் ஆட்டம் நிகழ்வுகளாக எண்ணப்படாது.

சமிக்ஞை மங்கலாக இருந்தால் மறைநிலை மார்க்கோவ் மாதிரி, அதாவது இரைச்சலுக்குப் பின்னால் மூலக்கூறு எந்த நிலையில் இருந்தது என்று ஊகிக்கும் புள்ளியியல் முறை, தேவைப்படும். ஹாமி, விபி-ஃப்ரெட் ஆகிய இரண்டும் ஒளிர்வு ஆற்றல் மாற்றத் தரவுக்காக எழுதப்பட்ட இலவச மென்பொருள்கள். இரண்டு நிலை ஒளிர்வுக்குப் பைத்தானில் உள்ள பொது நூலகமே போதும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். இந்த மாதிரி, ஒவ்வொரு நிலையிலும் தங்கும் நேரம் அடுக்குக்குறிப் பரவலில் உள்ளது என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. அதன் வழியாகப் பிரித்த நேரங்களை வைத்து “பரவல் அடுக்குக்குறியாக இருக்கிறதா” என்று சோதிப்பது, விடையை உள்ளே வைத்துவிட்டு விடையைக் கேட்பதாகும். பரவலின் வடிவமே உங்கள் கேள்வி என்றால், இரு வாசல் முறையாலும் ஒரு முறை பிரித்து இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

எந்த மூலக்கூறுகளை ஏற்பது, எவற்றைத் தள்ளுவது என்ற விதியை முதல் கோட்டைப் பார்க்குமுன் எழுதிவிடுங்கள். வேகமாக வேலை செய்யும் மூலக்கூறுகளின் கோடுகள் அழகாக இருக்கும். அழகாக இருப்பவற்றையே கை தேர்ந்தெடுக்கும். சராசரி வேகம் தானாக ஏறிவிடும்.

6. சாளரத்தின் இரு விளிம்புகள்

குறுகிய விளிம்பிலிருந்து தொடங்குவோம். 30 மில்லிநொடிப் பிரேம்களில், இரண்டு பிரேம்களுக்குக் குறைவாக நீடிக்கும் நிகழ்வுகளை நம்ப முடியாது என்று தள்ளிவிடுகிறீர்கள் என்க. அப்படியானால் 60 மில்லிநொடிக்குக் கீழே எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. உண்மையான சராசரி 100 மில்லிநொடி என்றால், நிகழ்வுகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு கண்ணில் படாமலே போயிருக்கும்; பட்டியலின் சராசரி 160 மில்லிநொடி என்று காட்டும். அடுக்குக்குறிப் பரவலுக்குத் திருத்தம் எளிது: பட்டியலின் சராசரியிலிருந்து விளிம்பு நேரத்தைக் கழித்தால் உண்மைச் சராசரி வரும். 160-இல் 60 போக 100. ஹிஸ்டோகிராமில் இடப்பக்க வெற்றிடத்தைப் பார்த்து, “நொதி கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் தொடங்குகிறது” என்று பொருள் கூறும் ஆய்வேடுகளும் உண்டு. அது கேமராவின் வெற்றிடம்.

இதன் இரண்டாம் விளைவு எளிதில் கண்ணுக்குத் தப்புவது. ஓர் ஒளிர்நிலை தவறிப்போனால், அதற்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு இருள்நிலைகள் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட இருள்நிலையாகப் பதிவாகும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் இருள்நிலையின் சராசரி ஏறத்தாழ 1.8 மடங்காக நீளும். ஆகவே ஒரு நிலையின் நேரத்தைத் திருத்திவிட்டு மற்றொன்றை அப்படியே விடக் கூடாது. சராசரி நேரமும் பிரேம் இடைவெளியும் நெருங்கி வந்தால் தொடர்ச்சியான பரவலுக்கான சூத்திரமே பொருந்தாது. பிரேம்களின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு பெருக்குத் தொடர்ப் பரவலைப் பயன்படுத்த வேண்டும். என் பரிந்துரை, சராசரி நேரம் பிரேம் இடைவெளியைப் போல் பத்து மடங்காவது இருக்கும்படி சோதனையை அமைப்பது. முடியாதபோது மட்டும் திருத்தங்களை நாடுவது.

இனி நீண்ட விளிம்பு. காணொளி முடியும்போது இன்னும் முடியாமல் இருந்த காத்திருப்புகளைப் பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் நீண்டவை. எனவே எறிந்தால் சராசரி குறைந்துவிடும். ஒவ்வொன்றும் 1.6 நொடிச் சாளரத்தில் பார்க்கப்பட்ட 100 காத்திருப்புகளை எடுத்துக்கொள்வோம். 80 முடிந்தன, அவற்றின் மொத்த நேரம் 48 நொடி. 20 முடியவில்லை, அவை சாளரம் முழுக்க நின்றதால் 32 நொடி. முடிந்தவற்றை மட்டும் எடுத்தால் சராசரி 0.6 நொடி. சரியான கணக்கு, முடிந்தவை முடியாதவை எல்லாவற்றின் நேரத்தையும் கூட்டி, முடிந்தவற்றின் எண்ணிக்கையால் வகுப்பது: 80 நொடியை 80-ஆல் வகுக்க 1 நொடி. முடியாத அளவீட்டுக்கும் பேச உரிமை உண்டு. “இதுவரை முடியவில்லை” என்பதும் ஒரு செய்தியே.

காணொளி தொடங்கும்போது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த முதல் காத்திருப்பு வேறு வகை. பெரியார் பேருந்து நிலையத்துக்கு ஏதோ ஒரு நேரத்தில் போய் நிற்பவர், இரண்டு பேருந்துகளுக்கு இடையேயான நீண்ட இடைவெளியில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். நமது காணொளியும் அப்படியே ஒரு நீண்ட காத்திருப்பின் நடுவில் தொடங்கும் வாய்ப்பு அதிகம். பரவல் அடுக்குக்குறியாக இல்லாதபோது இந்த முதல் காத்திருப்பு மற்றவற்றோடு சேராது. அதை எல்லா மூலக்கூறுகளிலிருந்தும் ஒரே மாதிரி நீக்கிவிடுங்கள், நீக்கினேன் என்று எழுதுங்கள்.

ஒளிரி வெளுத்துப்போவதும் இந்த விளிம்பைச் சேர்ந்ததே. ஒளிர்நிலை முடிவதும் ஒளிரி வெளுப்பதும் படத்தில் ஒரே மாதிரி இருட்டாகத் தெரிந்தால், நீங்கள் அளக்கும் வேகம் இரண்டின் கூட்டுத்தொகை. லேசரின் திறனை மாற்றி அளந்தால் பிரித்துவிடலாம். முழுத் திறனில் நொடிக்கு 2.0, அரைத் திறனில் 1.5 என்று வந்தால், கோட்டைப் பூஜ்ஜியத் திறனுக்கு நீட்டும்போது நொதியின் வேகம் 1.0 எனக் கிடைக்கும். இரண்டு புள்ளிகளால் கோடு நேராக உள்ளதா என்று தெரியாது; குறைந்தது நான்கு திறன்கள் வேண்டும். இதைக் கருவி நேரம் கேட்கும்போதே திட்டமிடுங்கள், இல்லையென்றால் பிறகு இதற்காக மட்டும் இன்னொரு பயணம் போக நேரிடும்.

7. பரவலைப் பொருத்துதல்

ஹிஸ்டோகிராம் வரைந்து, அதன் கட்டங்களின் உச்சிகளுக்கு வளைகோடு பொருத்துவது பழக்கத்தில் உள்ளது. கட்டத்தின் அகலத்தை மாற்றினால் விடை மாறும். நிகழ்வே விழாத கட்டங்களை என்ன செய்வது என்பதற்கு நல்ல பதில் இல்லை. கிடைத்த தரவு வருவதற்கான வாய்ப்பை மிக அதிகமாக்கும் மாறிலிகளைத் தேடும் மேக்ஸிமம் லைக்லிஹுட் முறையில் ஒவ்வொரு நேரமும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். மேலே சொன்ன இரு விளிம்புகளையும் அதே சமன்பாட்டில் வைக்கலாம். பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையில் உள்ள சிறுமமாக்கும் சார்பே இதற்குப் போதும். வேகத்தை நேராகத் தேடாமல் அதன் மடக்கையைத் தேடுங்கள், அப்போது எதிர்க்குறி வேகங்கள் வந்து கணக்கு முறிவது நின்றுவிடும். தொடக்க மதிப்புகளை மாற்றி மாற்றிக் குறைந்தது இருபது முறை ஓட்டி, ஒரே விடைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

படம் ஆய்வேட்டுக்குத் தேவைதான். அதற்குச் சிக்வர்த்தும் சைனும் 1987-இல் காட்டிய முறை சிறந்தது: நேர அச்சை மடக்கையில் சம கட்டங்களாகப் பிரித்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை வரைவது. ஒற்றை அடுக்குக்குறி அதில் ஒரே மேடாக, அதன் சராசரி நேரத்தில் உச்சி கொண்டு தெரியும். இரண்டு வேகங்கள் நன்கு விலகியிருந்தால் இரண்டு மேடுகள்.

ஒன்றா, இரண்டா என்று முடிவெடுக்க கூடுதல் மாறிலிகளுக்குத் தண்டம் விதித்து மாதிரிகளை ஒப்பிடும் பிஐசி அளவை உதவும். ஓர் அடுக்குக்குறிக்கு ஒரு மாறிலி, இரண்டின் கலவைக்கு மூன்று. கூடுதல் இரண்டு மாறிலிகளுக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கையின் இயல் மடக்கை ஒவ்வொரு முறை தண்டமாகச் சேரும். 500 நிகழ்வுகளுக்குத் தண்டம் ஏறத்தாழ 12.4, ஆக, லைக்லிஹுட்டின் மடக்கை 6.2-க்கு மேல் உயர்ந்தால் மட்டுமே இரண்டாம் வேகத்தைப் பேசலாம். வழக்கமான கை-வர்க்க அட்டவணையை இந்தக் கேள்விக்குப் பயன்படுத்தக் கூடாது, கலவையின் எண்ணிக்கையைச் சோதிக்கும்போது அந்த அட்டவணையின் நிபந்தனைகள் நிறைவேறுவதில்லை. ஐயம் இருந்தால் ஒற்றை அடுக்குக்குறியிலிருந்து ஆயிரம் செயற்கைத் தரவுத் தொகுதிகளை உருவாக்கி, உங்களுக்குக் கிடைத்த உயர்வு தற்செயலாக எத்தனை முறை வருகிறது என்று எண்ணிவிடுங்கள்.

8. மூலக்கூறே அலகு

40 மூலக்கூறுகள், ஒவ்வொன்றிலும் 100 நிகழ்வுகள். எல்லாவற்றையும் கொட்டி 4,000 நிகழ்வுகள் என்று எண்ணினால் சராசரியின் பிழை 1.6 விழுக்காடு என்று வரும். ஆனால் மூலக்கூறுகளின் வேகங்கள் தமக்குள் 30 விழுக்காடு வேறுபட்டால், உண்மையான பிழை 30-ஐ 40-இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, அதாவது 4.7 விழுக்காட்டுக்குக் குறையாது. மும்மடங்கு. உங்கள் நம்பிக்கை இடைவெளி சரியாக வர, பூட்ஸ்ட்ராப் (இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துப் பிழையைக் கணிப்பது) செய்யும்போது நிகழ்வுகளைக் குலுக்கி எடுக்காமல் மூலக்கூறுகளைக் குலுக்கி எடுங்கள்: ஒரு மூலக்கூறு வந்தால் அதன் நேரங்கள் எல்லாம் சேர்ந்து வரட்டும். ஆயிரம் சுற்றுகள் போதும்.

இதே கொட்டிக் கலக்கும் பழக்கம் இன்னொரு பொய்யையும் உருவாக்கும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குள் ஒற்றை அடுக்குக்குறியாக இருந்தாலும், வேகங்கள் வேறுபட்டால் கலவை பல அடுக்குக்குறிகளாகவே தெரியும். அதைக் கண்டு “நொதி தன் வேகத்தை மாற்றிக்கொள்கிறது” என்று எழுதிவிட முடியாது. மூலக்கூறுகள் நிலையாக வேறுபடுகின்றனவா, ஒரே மூலக்கூறு காலப்போக்கில் மாறுகிறதா என்பதைப் பிரிக்க, ஒரே மூலக்கூறின் அடுத்தடுத்த நேரங்களுக்கு இடையே ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். பிறகு அந்த மூலக்கூறுக்குள்ளேயே நேரங்களின் வரிசையை மட்டும் கலைத்து ஆயிரம் முறை அதே கணக்கைச் செய்யுங்கள். கலைத்தவற்றில் எளிதில் வராத அளவுக்கு உண்மை ஒட்டுறவு இருந்தால், நொதிக்கு முந்தைய சுழற்சியின் நினைவு உள்ளது என்று சொல்லலாம். லூ, சுன், சீ ஆகியோர் 1998-இல் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸில் இத்தகைய நினைவைக் காட்டினார்கள்.

பீட்டா-கேலக்டோசிடேஸில் வேலை செய்வோருக்கு ஒரு தனி எச்சரிக்கை: அந்த நொதி நான்கு துணையலகுகள் சேர்ந்தது, நான்கு வினைமையங்கள் கொண்டது. ஒரு புள்ளியில் நீங்கள் காண்பது நான்கின் கூட்டு ஓட்டம். மையங்கள் தனித்தனியே இயங்கினால் மொத்த வேகம் ஒரு மையத்தின் வேகத்தைப் போல் நான்கு மடங்கு. வேகம் ஒரு நான்மத்துக்கா, ஒரு மையத்துக்கா என்று ஒவ்வோர் அட்டவணையிலும் எழுதுங்கள்.

9. சீரின்மை அளவும் செறிவுச் சார்பும்

காத்திருப்பு நேரங்களின் பரவற்படியை (திட்ட விலக்கத்தின் வர்க்கத்தை) சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது சீரின்மை அளவு. ஒரே ஒரு மெதுவான படி இருந்தால் அது 1. சம வேகமுள்ள இரண்டு படிகள் அடுத்தடுத்து இருந்தால் 0.5. இதன் தலைகீழி, மெதுவான படிகள் குறைந்தது எத்தனை என்பதற்கான கீழ்வரம்பு. 1-க்கு மேல் போனால் வேக மாற்றமோ கிளைவழியோ உண்டு. ஆனால் சாளரத் திருத்தம் செய்யாமல் இதைக் கணக்கிடவே கூடாது. ஆறாம் படியில் கண்ட அதே தரவை எடுங்கள்: திட்ட விலக்கம் 100, சராசரி 160. சீரின்மை அளவு 0.39 என்று வரும், தலைகீழி 2.6. ஒரே படி கொண்ட எளிய வினைக்கு மூன்று படிகள் என்று முடிவு கட்டியிருப்பீர்கள்.

தளப்பொருளின் செறிவை மாற்றி அளக்கும்போது, சராசரிக் காத்திருப்பு நேரத்தின் தலைகீழி நமக்குப் பழக்கமான மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டையே பின்பற்றும். மைக்கேலிஸ் மாறிலியின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை குறைந்தது ஐந்து செறிவுகள் எடுத்தால், பெரும வேகத்தின் 17 விழுக்காட்டிலிருந்து 83 விழுக்காடு வரை பார்த்திருப்பீர்கள். தலைகீழ் எண்களின் நேர்கோட்டு வரைபடத்தைப் பொருத்துதலுக்குப் பயன்படுத்தாதீர்கள். அது குறைந்த செறிவின் பிழையைப் பெரிதாக்கிவிடும். வேகம் மாறாத எளிய வினையில் சீரின்மை அளவு, செறிவின் இரு ஓரங்களிலும் 1-ஐ நெருங்கி, நடுவில் தாழும். அந்தத் தாழ்வு 0.5-க்குக் கீழே போகாது. உங்கள் தரவில் அதிகச் செறிவில் 1-ஐத் தாண்டினால் அதை மறைக்காமல் எழுதுங்கள். 2006-இல் பீட்டா-கேலக்டோசிடேஸ் ஆய்வில் கண்டதும் அதுவே. சராசரி மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டுக்கு அடங்கியபோதும் பரவல் அடங்கவில்லை.

10. சோதனைக் குழாய் அளவீட்டோடு ஒப்பிடும்போது

தேர்வாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி இது: உங்கள் ஒற்றை மூலக்கூறு வேகம், சாதாரண அளவீட்டோடு ஒத்துப்போகிறதா? படம் குளிரூட்டிய அறையில் 21 பாகையில் எடுக்கப்பட்டது. ஒப்பீட்டு அளவீட்டை நீங்கள் மே மாதத்தில் மதுரையின் மின்விசிறி ஓடும் ஆய்வகத்தில் 33 பாகையில் செய்கிறீர்கள். பத்துப் பாகைக்கு வேகம் இரு மடங்காகும் ஒரு நொதிக்கு இந்த 12 பாகையே 2.3 மடங்கு வேறுபாட்டைத் தரும். “அறை வெப்பநிலை” என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள், எண்ணை எழுதுங்கள். நிறமானியின் கலத்தை நீர்த்தொட்டியால் 21 பாகையில் நிறுத்தி அளங்கள். தளப்பொருளும் ஒன்றாக இருக்க வேண்டும்: எடுத்துக்காட்டாக, பீட்டா-கேலக்டோசிடேஸுக்குக் கல்லூரி ஆய்வகங்களில் புழங்கும் மஞ்சள் நிறம் தரும் தளப்பொருளும், நுண்ணோக்கியில் பயன்படும் ரெசோருஃபின் என்னும் ஒளிரும் சாயம் சேர்ந்த தளப்பொருளும் வெவ்வேறு மைக்கேலிஸ் மாறிலிகளைத் தருவன.

11. காலக்கணக்கும் ஒப்படைப்பும்

முதுகலைத் திட்டப்பணிக்கு ஒரு பருவமே உண்டு என்பதால், நிரலும் செயற்கைத் தரவும் மூன்று வாரம், கருவி முன்பதிவும் பயணமும் நான்கு முதல் எட்டு வாரம், கோடுகளிலிருந்து நேரங்களைப் பிரிக்க மூன்று வாரம், பொருத்துதலும் பூட்ஸ்ட்ராப்பும் இரண்டு வாரம், எழுத மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு நீளக்கூடியது, அதை முதல் நாளே தொடங்குங்கள். நிரல் வேலை அதோடு இணையாக நடக்கட்டும். பருவம் போதாது என்று தெரிந்தால், செயற்கைத் தரவையும் கூட்டாய்வுக் குழுவின் பழைய காணொளிகளையும் வைத்து, பகுப்பாய்வு முறையையே திட்டப்பணியாக்க நெறியாளரிடம் பேசுங்கள். அது முழுமையான திட்டப்பணியாகவே நிற்கும்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் பிரேம் இடைவெளி, குறுகிய விளிம்பு, நீண்ட விளிம்பு, ஏற்ற, தள்ளிய மூலக்கூறுகளின் எண்ணிக்கை, முடிந்த, முடியாத நிகழ்வுகளின் எண்ணிக்கை, வெளுப்பு வேகம், வெப்பநிலை, விதை எண், மென்பொருள்களின் பதிப்பு எண் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் தாருங்கள். தரவை ஆய்வுத் தரவுக்கான திறந்த இணையக் களஞ்சியமான செனோடோவில் கட்டணமின்றி வைத்து நிலையான அடையாள எண் பெறலாம். ஒரு பதிவுக்கு அங்கே 50 ஜி.பி. வரம்பு உள்ளதால் மூலக் காணொளிகள் எல்லாம் அடங்காது. ஒளிர்வுக் கோடுகளையும், எந்த நேரம் எந்த மூலக்கூறைச் சேர்ந்தது என்று குறித்த நேரப்பட்டியலையும், நிரலையும் ஏற்றுங்கள். மூலக் காணொளிகள் உள்ள இரண்டு வட்டுகளில் ஒன்றை நெறியாளரிடம் ஒப்படைத்து, வட்டின் மேல் தேதியையும் கோப்புறைப் பட்டியலையும் ஒட்டிவிடுங்கள்.